நாலு மணிப் பாட்டு வகுப்பு

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

உத்திரமேரூர்னு சொன்னதுமே நம்ம நேயர்களுக்குக் குடவோலைதான் ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகள். பேர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டுக் குலுக்கி, உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன முறை. அதைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. நான் இன்னிக்குப் பேசப்போறது அந்தப் பையன் வயசுப் பிள்ளைகளைப் பத்தி. உத்திரமேரூரைச் சுத்தியிருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள்ல, ஒண்ணாவதிலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டு யார் சொல்லிக் கொடுக்கிறாங்க?

வகுப்பு டீச்சர்தான். தமிழ், கணக்கு, இங்கிலீஷ், சூழ்நிலையியல் எல்லாம் நடத்துற அதே டீச்சர். பாட்டு வாத்தியார்னு தனியாக ஒரு பணியிடம் தொடக்கப் பள்ளியில் கிடையாது. 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்க. கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேணும்னு அதில் இருக்கு. ஆனா 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல படிச்சாத்தான். தமிழ்நாடு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தப்பவும் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணினி, இசைன்னு எல்லாமே நடுநிலை வகுப்புகளோட கணக்குலதான் வந்தது. அஞ்சாவதுக்குக் கீழ யாரும் இல்லை.

அந்த ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கருவி நிற்கிறது. இன்னிக்குப் புளூடூத் ஸ்பீக்கர், அதுக்கு முன்னாடி டேப் ரெக்கார்டர், அதுக்கும் முன்னாடி ரேடியோ. தொழில்நுட்பம் இப்பதான் பாட்டு வகுப்புக்குள்ள வந்திருக்குன்னு நாம நினைக்கிறோம். அது தப்பு. கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை இது. இந்த நூறு வருஷத்திலும் கருவி எதுக்கு உள்ளே வந்தது, யாருக்குப் பதிலாக வந்தது என்கிறதைத்தான் நான் தேடிப் பார்த்தேன்.

கொஞ்சம் பின்னாடி போகணும். குடுமியான்மலைக் கல்வெட்டு தெரியும் இல்லையா? புதுக்கோட்டைப் பக்கம், ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டு எழுத்து. பாறையிலே வரிசை வரிசையா சுரங்களை வெட்டி வெச்சிருக்காங்க. முன்னாடி அதைக் காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மன் பேருல எழுதினாங்க. இப்ப பல அறிஞர்கள் அதை ஏத்துக்கிறதில்லை. எனக்கு முக்கியம் அதிலே வர்ற ஒரு குறிப்பு: மாணவர்களோட நன்மைக்காகச் செய்ததுன்னு அதிலேயே இருக்கு. பாட்டுச் சொல்லித்தர்றதுக்கான சாதனம், கல்லிலே. ஆனா அந்தச் சுரங்கள் எப்படி ஒலிச்சதுன்னு இன்னிக்கு யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது. சொல்லிக் கொடுத்தவங்க வரிசை அறுந்து போச்சு, கல் மட்டும் நிக்குது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாட்டுன்னு தனி வகுப்பே இல்லை, ஏன்னா பாதிப் படிப்பு ராகம் போட்டுத்தான். மணலில் விரலால் எழுதுறது, எண்சுவடியைக் கூட்டமா ஒப்பிக்கிறது, விடியற்காலையில் முறை சொல்றது, இதெல்லாம் உ.வே.சா.வோட ‘என் சரித்திரம்’ படிச்சவங்களுக்குத் தெரியும். எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தையும் மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லித் தர்றதையும் பார்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ன்னு இங்கிலாந்துப் பள்ளிகள்ல அது பரவிச்சு. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பல் ஏறினாங்க. அந்த ராகம் கப்பல் ஏறினதா எனக்குத் தெரியலை.

அப்புறம் ஆர்மோனியம். 1842இல் பாரீஸில் காப்புரிமை வாங்கின பெட்டி. மிஷனரிகளோட வந்தது, கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கிற மாதிரிச் சின்னதாச்சு, நம்ம ஊர் நாடக மேடையைப் பிடிச்சது. பள்ளிக்கூடத்துக்கும் அது வசதிதான். கட்டையை அமுக்கினா சுரம் வந்துரும், சுருதி சேர்க்கத் தெரியணும்னு இல்லை. இந்த ‘தெரியணும்னு இல்லை’ன்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வருது.

இப்ப 1930க்கு வருவோம். இந்த எபிசோடுக்கு நான் தலைப்பு வெச்சதே இதுக்காகத்தான்.

பள்ளிக்கூடத்துக்காக வானொலி நிகழ்ச்சின்னு உலகத்தில் முதல்ல யோசிச்சவங்கள்ல பிபிசியும் ஒண்ணு. 1924 ஏப்ரலில் அவங்க பள்ளிகளுக்காக ஒலிபரப்பின முதல் பாடம் கணக்கும் இல்லை, வரலாறும் இல்லை. இசை. வால்ஃபோர்ட் டேவிஸ் என்ற இசையமைப்பாளர் நடத்தினார். அமெரிக்காவில் 1928இலிருந்து வால்டர் டாம்ராஷ் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானொலி வழியா இசை கேட்கச் சொல்லிக் கொடுத்தார். இது தற்செயல் இல்லைன்னு நினைக்கிறேன். கணக்கு வாத்தியார் எல்லாப் பள்ளியிலும் இருந்தார், பாட்டு வாத்தியார் இல்லை. ரேடியோ நுழையறதுக்கு ஏத்த ஓட்டை அதுதான்.

அதே 1924 மே மாசம் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பிச்சார். ஜூலை கடைசியில் ஒலிபரப்பும் தொடங்கிடுச்சு. இந்தியாவில் முறையான வானொலின்னு பேசுறப்ப பம்பாயையும் கல்கத்தாவையும் சொல்லிட்டு நிறுத்திடுறாங்க. இந்தக் கிளப் அதுக்கெல்லாம் மூணு வருஷம் மூத்தது. பணமில்லாம 1927இல் மூடிட்டாங்க. அவங்க வெச்சிருந்த சின்ன டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சி கைக்குப் போச்சு. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1ஆம் தேதி ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பத் தொடங்கினது. சாயங்காலம் அஞ்சரைக்குப் பொது நிகழ்ச்சி. அதுக்கு முன்னாடி, பள்ளி நாள்களில் 4 மணியிலிருந்து நாலரை வரைக்கும், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதையும்.

இதை முதல்ல படிச்சப்ப நான் ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன். 1930. பேசும் படமே இன்னும் தமிழில் வரலை, ‘காளிதாஸ்’ வர்றது அடுத்த வருஷம்தான். அதுக்கு முன்னாடியே ஒரு மாநகராட்சி, தன்னோட ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு, தினம் அரை மணி நேரம் வானொலியில் பாட்டும் கதையும் நடத்தியிருக்கு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் கம்பெனி நடத்தின வானொலி திவாலாகி அரசாங்கம் எடுத்துக்கிட்ட வருஷம் அது. சென்னையில் மட்டும் அது குடிநீர், தெருவிளக்கு மாதிரி நகராட்சி செய்யுற வேலையா இருந்தது. எனக்கு இதில் நிஜமாவே ஒரு மரியாதை உண்டு.

ஆனா அந்த டிரான்ஸ்மிட்டர் 200 வாட் அளவுதான். இன்னிக்கு நம்ம வீட்டு மிக்ஸிகூட அதைவிட அதிகமா மின்சாரம் இழுக்கும். மெரினாவில் ஒலிபெருக்கி வெச்சுக் கூட்டம் கேட்டுது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உத்திரமேரூர்ப் பிள்ளைக்கு அது நிலாவில் நடந்த மாதிரி. நகரத்துப் பிள்ளைக்கு மட்டும் கிடைச்ச பாட்டு வகுப்பு அது. இன்னொண்ணு, ரேடியோவுக்குக் காது இல்லை. அந்தப் பக்கம் வித்துவான் ஒரு வரி பாடி நிறுத்துறார்னு வெச்சுக்குங்க, இந்தப் பக்கம் நாப்பது பிள்ளைகள் திருப்பிப் பாடுறாங்க. யார் சரி, யார் தப்புன்னு அவருக்குத் தெரியாது. அடுத்த வரிக்குப் போயிடுவார். பக்கத்தில் நிக்கிற வகுப்பு வாத்தியார் காது கொடுத்தாத்தான் அது பாடம், இல்லைன்னா சத்தம்.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சி ஒலிபரப்பு நின்னுது. வானொலி வசதி பெரிசாச்சு, எட்டுற தூரமும் கூடுச்சு. பிற்காலத்தில் பள்ளி ஒலிபரப்பு, சிறுவர் நிகழ்ச்சி, இசைப் பயிற்சி எல்லாம் சென்னை வானொலியில் வந்தது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். இசைப் பயிற்சியில் வித்துவான் ஒரு கீர்த்தனையை அடி அடியா, சிஷ்யர்களை எதிரில் உட்கார வெச்சுச் சொல்லித் தருவார். அந்த அமைப்பை யார் யோசிச்சாங்களோ, கெட்டிக்காரங்க. கேட்கிறவர் தப்புப் பண்ணக்கூடிய இடத்தில் ஸ்டூடியோ சிஷ்யரும் தப்புப் பண்ணுவார், குரு திருத்துவார், அது நமக்கும் சேரும். ஒருவழிக் கருவிக்கு ஒரு கடன் வாங்கின காது.

இதுக்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. சுரங்களைச் சம இடைவெளியில் வெட்டிக் கட்டிப்போட்ட பெட்டி, கமகம் வராது, நம்ம சங்கீதத்தைக் கெடுக்குதுன்னு வாதம். டெல்லி நிலையத்தில் வேலை பார்த்த ஜான் ஃபோல்ட்ஸ்னு ஒரு ஆங்கில இசையமைப்பாளர் அதை எதிர்த்து எழுதினார், தாகூருக்கும் அது பிடிக்காது. தடை முப்பது வருஷத்துக்கு மேல நீடிச்சு, 1970களில்தான் தளர்ந்தது. இப்ப இதைப் பக்கத்தில் வையுங்க: 1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைஞ்சது ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர், அப்புறம் அடிப்படைப் பொருள்களோட ஒரு பட்டியல். உலக உருண்டை, வரைபடம், அறிவியல் பெட்டி, பள்ளிக்கூட மணி. அந்தப் பட்டியலில் இசைக் கருவியும் உண்டு. என்னென்ன? டோலக் அல்லது தபலா, மஞ்சீரா, ஆர்மோனியம்.

ஒரே அரசாங்கம்தாங்க. ஒரு கையால வானொலியிலிருந்து வெளியே தள்ளின பெட்டியை, இன்னொரு கையால நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிக்குள்ள வெச்சது. நான் தடையை ஆதரிக்கலை. பட்டியலைப் போட்டவங்க வடக்கே உட்கார்ந்து போட்டாங்கன்னு மட்டும் தெரியுது. உத்திரமேரூர்ப் பிள்ளைக்கு டோலக்கைவிடப் பறையும் பம்பையும் உடுக்கையும்தான் பழக்கம்.

நான் படிச்ச தொடக்கப் பள்ளியிலும் ஒரு ஆர்மோனியம் இருந்தது. பீரோ மேல, துணி போட்டு மூடி. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 அன்னிக்குக் கீழே இறக்குவாங்க, துடைப்பாங்க, திரும்ப ஏத்திடுவாங்க. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அரசுப் பள்ளியில் இருப்புப் பதிவேடுன்னு ஒண்ணு உண்டு. ஏறின பொருள் ஆய்வுக்கு வர்றப்ப இருக்கணும், தலைமை ஆசிரியர் மாறுறப்ப எண்ணி ஒப்படைக்கணும். உடைஞ்சா யார் எழுதிக் கொடுக்கிறது? பெட்டிக்குள்ள வைக்கிறதுதான் பத்திரம். வாசிக்கத் தெரிஞ்ச ஆளைத் தராம வாத்தியத்தை மட்டும் தந்தா அது சாமான், அவ்வளவுதான். இதே காலத்தில் கல்வித் தொழில்நுட்பத் திட்டம்னு இன்னொண்ணு வந்து, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டியைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நாம ‘டூ இன் ஒன்’னு சொல்வோமே, அது. அதோட கதியும் பல பள்ளிகளில் பீரோதான். பிளக் பாயின்டே இல்லாத பள்ளிக்கூடங்கள் எத்தனையோ அப்ப.

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான். பள்ளிக்கூட ஆர்மோனியம் பீரோ மேல தூங்குற அதே ஊரில், அம்மன் கோயில் திருவிழாவில், பாரதம் படிக்கிற சமயத்தில், ராத்திரி பத்து மணியிலிருந்து விடியறவரைக்கும் ஆர்மோனியம் வாசிக்கிற ஆள் இருந்தார். காஞ்சிபுரம் சீமை கூத்துச் சீமை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை இல்லாம கூத்து இல்லை. எட்டுக் கட்டை ஏத்திப் பாடுற தொண்டை. அந்த ஆளைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கூட்டி வர ஒரு வரி விதி எந்தத் திட்டத்திலும் நான் பார்க்கலை. வெளியே நடந்தது. 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம். பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூனும் நடத்தினாங்க. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படிச்சாங்க, பெண் பிள்ளைகளும் சேர்ந்து. 2020இல் அந்தக் குருகுலம் முடிவுக்கு வந்தது.

கருவியைச் சரியாப் பயன்படுத்தின ஆளே இல்லையான்னு கேட்டா, இருந்தார். எம்.பி. சீனிவாசன். மலையாள சினிமா பார்க்கிறவங்களுக்கு இசையமைப்பாளராத் தெரியும், சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினவர். 1971இல் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பிச்சு, பாரதி பாட்டை எல்லாம் சேர்ந்திசையாப் பாட வெச்சார். 1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம், என்.சி.இ.ஆர்.டி., பள்ளிகளுக்குச் சமூகப் பாடல் இயக்கம் நடத்தினப்ப அதில் முன்னணியில் நின்னவர் அவர்தான். கேசட்டும் புத்தகமும் அதில் உண்டு. ஆனா முதல்ல முகாம். பாட்டு வாத்தியார் அல்லாத சாதாரண ஆசிரியர்களை உட்கார வெச்சு, அவங்க தொண்டையிலேயே பாட்டை ஏத்தி அனுப்புவாங்க. திரும்பிப் போன ஆசிரியருக்குக் கேசட் ஒரு ஞாபகக் குறிப்பு. மறந்தா போட்டுக் கேட்டுக்கலாம். வகுப்பில் பாடுறது அவர்தான். 1988 மார்ச்சில் சீனிவாசன் லட்சத்தீவில் காலமானார். வயசு அறுபத்து மூணுகூட நிறையலை.

இந்தக் காலத்துக்கு வர்றேன், இதைச் சீக்கிரம் கடந்துடலாம், உங்களுக்கே தெரியும். 2018 பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அடுத்த வருஷமே கொரோனா, பள்ளிக்கூடமே டிவிக்குள்ள போச்சு. 2022இல் எண்ணும் எழுத்தும், முதல் மூணு வகுப்புக்கு. இந்தத் திட்டத்துக்கு ஒரு நன்றி சொல்லணும். ஆட்டமும் பாட்டும் மறுபடி வகுப்புக்குள்ள வந்தது அதாலதான். ஆனா பாட்டு வர்ற வழி வீடியோ. டீச்சர் போனில் போட்டு, ஸ்பீக்கரில் இணைச்சு, பிள்ளைகளை ஆடச் சொல்றாங்க.

போன வருஷம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. ஸ்பீக்கர் பாடுறப்ப கவனிச்சேன், பிள்ளைகள் ஆடுறாங்க, வாய் அசையுது, குரல் வரலை. பாடினவங்க பயிற்சி உள்ள பெரியவங்க, மேல் ஸ்தாயிக்குச் சாதாரணமாப் போறாங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கு வசதியா வர்றது அஞ்சாறு சுரம்தான். எட்டாத இடம் வந்தா பிள்ளை கத்தும், இல்லைன்னா சும்மா இருக்கும். டீச்சர் பாடினா தன்னையறியாமலே சுருதியை இறக்குவாங்க, வேகத்தைக் குறைப்பாங்க. ஸ்பீக்கர் யாருக்காகவும் இறங்காது.

அந்த டீச்சர் இதைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. “சார், வீடியோவை ஆட்டத்துக்கு வெச்சுக்கிறேன். பாட்டுக்கு இது மட்டும்தான்”னு போனில் ஒரு தம்பூரா ஆப்பைக் காட்டினாங்க. பெங்களூரில் ராஜ் நாராயண் 1979இல் ராடெல் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டு வந்தப்ப அது வித்துவான்கள் வாங்குற பொருள். இன்னிக்கு இலவசம். டீச்சருக்குச் சங்கீதம் தெரியாது, சபாவே பார்த்ததில்லைன்னாங்க. “எத்தனை கட்டை வைக்கிறீங்க, எப்படித் தெரியும்?”னு கேட்டேன்.

“காலையில ‘வணக்கம் டீச்சர்’னு இழுப்பாங்க இல்ல சார், முப்பது பேரும் ஒரே இடத்துல நிப்பாங்க. அந்தச் சத்தத்துக்கு எது ஒத்துப்போவுதுன்னு இதுல ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். அதையே வெச்சுட்டேன்.”

ஆறு கட்டைக்குப் பக்கத்தில் வெச்சிருந்தாங்க. அப்புறம் பாட்டை அவங்களே பாடினாங்க, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு வரி, பிள்ளைகள் திருப்பி ஒரு வரி. பின்வரிசையில் ஒரு பையன் சேரலைன்னதும் நிறுத்தி, “கண்ணு, நீ மட்டும் சொல்லு”ன்னாங்க. அவன் சொன்னான். மறுபடி எல்லாரும். இந்தத் தடவை வாய் அசைஞ்ச பிள்ளைகளுக்குக் குரல் இருந்தது. 1930இல் ரிப்பன் கட்டடத்து மைக்கால செய்ய முடியாமப் போனது இந்த நிறுத்தம்தான்.

இப்ப மைக்கும் காது கேக்குது. பிள்ளை எந்தச் சுரத்தில் பாடுதுன்னு திரையில் காட்டுற செயலிகள் வந்தாச்சு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கையடக்கக் கணினியும் கொடுத்திருக்கு. அடுத்த திட்டம் அந்தப் பக்கம்தான் போகும்னு எனக்குப் படுது. போகட்டும். அதுக்கான அரசாணை வர்றப்ப, அதிலே கருவிக்கு எத்தனை பத்தி, ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை நாள், பணியிடம் எத்தனைன்னு மூணையும் எண்ணிப் பார்ப்பேன்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர், வாலாஜாபாத், மதுராந்தகம் பக்கம் 1987க்கு அப்புறம் தொடக்கப் பள்ளியில் படிச்சவங்களோ வேலை பார்த்தவங்களோ இருந்தா, உங்க பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் என்ன ஆச்சுன்னு எழுதுங்க. யாராவது வாசிச்சாங்களா, என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு. பதிவேட்டில் அது ‘1’னு மட்டும்தான் இருக்கும்.